பத்து நிமிட நடை, ஒரு மணி நேரக் கூலி

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு மோட்டார் பட்டறை இருக்கிறது. எரிந்துபோன காயிலைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றுவது, பேரிங் மாற்றுவது, போர்வெல்லில் இறங்கிய சப்மெர்சிபிளை வெளியே எடுத்துப் பார்ப்பது, 34 வருடமாக இதுதான் பிழைப்பு. வயது 58. சர்க்கரை கொஞ்சம் உண்டு. சிகரெட்டை விட்டு 9 வருடம் ஆகிறது. அதற்கு முன் பிடித்ததை எண்ணிப் பார்க்க வேண்டாம்.

போன வருடம் மாசியில் ஒரு விடிகாலை, தாடையும் இடது தோளும் சேர்ந்து இழுத்தன. வாயுப் பிடிப்பு என்று நினைத்து மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். பனியன் முழுக்க வியர்வையில் நனைந்த பிறகுதான் வீட்டம்மா என் பேச்சைக் கேட்காமல் 108க்குப் போன் போட்டாள். அடைப்பு ஒரு குழாயில்தான். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகள் எல்லாம் வேளை போட்டு எழுதியிருந்தன. கடைசி வரி, 'தினமும் உடற்பயிற்சி செய்யவும்.' எவ்வளவு, எப்படி, எதைச் செய்யக் கூடாது, ஒன்றும் இல்லை. கேட்டதற்கு டூட்டியில் இருந்த டாக்டர் "நடங்க" என்றார். ஒரு மோட்டாரை வாங்கிப் போகிறவனுக்குக்கூட வோல்டேஜ் எவ்வளவு, எத்தனை அடி ஆழத்துக்கு ஏற்றும், தண்ணீர் இல்லாமல் டிரை ரன் ஓட்டாதே என்று பத்து விஷயம் சொல்லி அனுப்புகிறோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, நடந்தேன். முதலில் வாசல் வரை, அப்புறம் தெருமுனை வரை, ஆறு வாரத்தில் பேக்கரி வரை. எங்கள் ஊரில் எல்லா அளவும் பேக்கரியிலிருந்துதான். நன்றாக இருக்கிறோம் என்ற தைரியம் வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பத்தாவது வாரம், அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டம். மோட்டார் நின்றுவிட்டது, வாழைக்குத் தண்ணீர் இல்லை, தோட்டக்காரர் காலையிலிருந்து போன் மேல் போன். பைப்பைத் தூக்குகிற சங்கிலிக் கப்பி, செயின் புளாக், வந்துசேரத் தாமதம். பையன்கள் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை மட்டும் பார்க்கத்தான் போயிருந்தேன். கை சும்மா இருக்குமா? மூன்றாவது ஆளாகப் பிடித்து, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி ஒரே இழு. பைப் அரை அடி மேலே வந்தது. எனக்குக் கண் இருட்டியது. நெஞ்சின் நடுவில் யாரோ பைப் ரிஞ்ச் போட்டு முறுக்குகிற மாதிரி ஒரு இறுக்கம்.

மோட்டார் ரூம் வாசற்படியில் உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்த நெஞ்சுவலி மாத்திரை சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்தேன். உட்கார்ந்து வைத்தது நல்லதாகப் போயிற்று. நின்றுகொண்டே வைத்தால் பிரஷர் சட்டென்று இறங்கி விழுந்துவிடுகிறவர்கள் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நான்கைந்து நிமிடத்தில் இறுக்கம் விட்டது. மறுநாள் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, புதிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். "தினம் நடக்கிறேனே டாக்டர், ஒண்ணும் ஆகலையே, இதுக்கு ஏன் இப்படி?" என்று கேட்டேன். என்னை ஒரு இதய மறுவாழ்வுப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இந்தக் கட்டுரையில் உருப்படியாக இருப்பதில் பாதி அந்தப் பெண் சொன்னது.

முதல் நாள் அங்கே போன உடனே திருப்பி அனுப்பிவிட்டது அந்தப் பெண்.

"ஐயா, காபி குடிச்சீங்களா?"

"இப்பத்தான் கண்ணு, வர்ற வழியில."

"அப்ப நாளைக்கு வாங்க. காபி குடிச்சா ரெண்டு மூணு மணி நேரம் ரத்தக்குழாய் விறைப்பாத்தான் காட்டும். வெறும் வயித்துல வேண்டாம், லேசா சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு வாங்க."

குழாய் விறைப்பு என்ற வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். அடைப்பு தெரியும், கொழுப்பு தெரியும். விறைப்பு என்றால் என்ன?

மறுநாள் காபி இல்லாமல், அதனால் கொஞ்சம் கடுகடுப்போடு போனேன். பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்தார்கள். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. நெஞ்சில் மூன்று ஒயர் ஒட்டினார்கள். டெக்னீஷியன் பையன் பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் கழுத்தில் துடிக்கிற இடத்தில் லேசாக அழுத்தி வைத்தான். திரையில் அலை அலையாக ஓடியது. அடுத்து வேட்டியைத் தளர்த்தச் சொல்லி அதே பேனாவைத் தொடை இடுக்கில். கூச்சமாகத்தான் இருந்தது. கடைசியில் தையல்காரர் டேப் மாதிரி ஒன்றை வைத்துக் கழுத்துக்கும் தொடைக்கும் உள்ள தூரத்தை அளந்தான்.

இதயம் ஒரு முறை அடிக்கும்போது ஒரு அழுத்த அலை கிளம்புகிறது. கழுத்துக்கு எப்போது வந்தது, தொடைக்கு எப்போது வந்தது, நடுவில் எவ்வளவு தூரம். வகுத்தால் அலையின் வேகம். குழாய் மெத்தென்று இருந்தால் அலை மெதுவாகப் போகும், விறைத்துப்போயிருந்தால் வேகமாகப் போகும். வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் பெருந்தமனி விறைத்திருக்கிறது என்று கணக்கு. எனக்கு 11.2 வந்தது.

அந்தப் பெண் ரப்பர் பேண்டை எடுத்து உதாரணம் காட்ட ஆரம்பித்தது. வேண்டாம் கண்ணு, புரிந்துவிட்டது என்றேன். எங்கள் தொழிலில் இதற்கு வாட்டர் ஹேமர் என்று பெயர். மோட்டாரை டக்கென்று நிறுத்தினால் மேலே போன தண்ணீர் திரும்பி வந்து, தண்ணீரைப் பின்னால் விடாத என்.ஆர்.வி. வால்வில் 'டம்' என்று அடிக்கும். இரும்புப் பைப்பில் அந்த அடி கிளம்பிய வேகத்தில் திரும்பும், வினாடிக்கு 1000 மீட்டருக்கும் மேல். பிவிசியில் அதைவிட மெதுவாக வரும், ரப்பர் ஹோஸில் சத்தமே இருக்காது. பைப்பின் சுவர் எவ்வளவு கெட்டி, எவ்வளவு கனம், உள்விட்டம் எவ்வளவு என்பதை வைத்து அலையின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று உண்டு. 1878இல் நெதர்லாந்தில் மோயன்ஸ், கோர்ட்டவெக் என்ற இரண்டு பேர் கொடுத்தது. பம்ப் லைன் போடுகிற இன்ஜினியரும் அதன் வழியில்தான் போகிறார், ரத்தக்குழாயை அளக்கிற டாக்டரும் அதன் வழியில்தான் போகிறார். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு புல்லரித்தது. 34 வருடமாக நான் பார்த்த வேலைதான் எனக்குள்ளேயும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 11.2 மீட்டர் என்பது மணிக்கு 40 கிலோமீட்டர். ரத்தம் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. தண்ணீர் நிரம்பிய பைப்பின் ஒரு முனையில் தட்டினால் மறு முனையில் கை உடனே உணருமே, அதைப் போலத்தான். தண்ணீர் நகர்வது வேறு, அடி நகர்வது வேறு.

இதய நோயாளிக்கு இது ஏன் முக்கியம்? இதயம் ரத்தத்தை விட்டு விட்டுத்தான் தள்ளுகிறது, பிஸ்டன் பம்ப் மாதிரி. பிஸ்டன் பம்பில் வெளியேற்றும் பக்கம் ஒரு ஏர் வெசல் வைப்போம். தள்ளும்போது வருகிற தண்ணீரில் பாதியை அது வாங்கி வைத்துக்கொண்டு, பிஸ்டன் பின்னால் போகும்போது மெதுவாக விடும். லைனில் ஓட்டம் சீராக இருக்கும். நம் பெருந்தமனிதான் அந்த ஏர் வெசல். அது விரிந்து வாங்கி, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுருங்கி ரத்தத்தைத் தள்ள வேண்டும். இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான். குழாய் விறைத்துவிட்டால் இரண்டு கேடு. மேல் அழுத்தம் ஏறுகிறது, அதை எதிர்த்துத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். கீழ் அழுத்தம் இறங்குகிறது, உழைக்கிற இதயத்துக்குக் கிடைக்க வேண்டிய ரத்தம் குறைகிறது. இது போதாதென்று, கீழேயிருந்து எதிரொலித்துத் திரும்பும் அலை சீக்கிரமே வந்து, வால்வு மூடுவதற்கு முன்பே, தள்ளிக்கொண்டிருக்கிற இதயத்தின் மீது மோதுகிறது. என்.ஆர்.வி. மூடுவதற்குள் தண்ணீர் திரும்பி வந்தால் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் என்ன ஆகும் என்று பட்டறைப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

வீட்டில் இதைக் குத்துமதிப்பாகப் பார்க்கவும் வழி இருக்கிறது. பிரஷரில் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்தால் வருகிற இடைவெளி. வயதானவர்களுக்கு அது 60ஐத் தொட்டாலோ தாண்டினாலோ குழாய் விறைத்திருக்க வாய்ப்பு அதிகம். என்னுடையது அன்று 148க்கு 78. இடைவெளி 70. 'கீழ் பிரஷர் நார்மல்தானே' என்று அதுவரை சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அளந்து முடித்ததும் சைக்கிளில் உட்கார வைத்தார்கள். ஓடாத சைக்கிள். இரண்டு நிமிடம் மெதுவாக, ஆறு நிமிடம் கொஞ்சம் அழுத்தி, இரண்டு நிமிடம் மறுபடி மெதுவாக. மொத்தம் பத்து நிமிடம். இறங்கியதும் மறுபடி படுக்கை, மறுபடி பேனா.

ஐந்தாவது நிமிடத்தில் 11.6. கூடியிருக்கிறது! "என்ன கண்ணு, உடற்பயிற்சி செஞ்சா நல்லதுன்னீங்க?"

"ஐயா, ஹோஸ்ல தண்ணி ஃபுல்லா அடிக்கிறப்ப அமுக்கிப் பாருங்க, கட்டை மாதிரி இருக்கும். தண்ணிய நிறுத்தினா மெத்துன்னு ஆயிரும். பிரஷர் ஏறினா எந்தக் குழாயும் விறைக்கும். இன்னும் அரை மணி நேரம் படுங்க."

முப்பதாவது நிமிடத்தில் 10.6. ஒரு மணி நேரம் கழித்து 11.1. கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டது.

இந்த நான்கு எண்களையும் வைத்துக்கொண்டு கொண்டாட வேண்டாம் என்றும் அந்தப் பெண்ணே சொன்னது. பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே அரை மீட்டர் மாறும். பயிற்சிக்குப் பிறகு பிரஷரும் குறைந்திருப்பதால், வேகம் குறைந்ததில் ஒரு பங்கு அதனால் வந்தது. ஒரு ஆள், ஒரு நாள். இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் போக்கு புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் ஆரோக்கியமான இளைஞர்களை அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து அளந்து 1997இல் எழுதியதிலும் இதே கதைதான்: அரை மணி நேரம் கழித்துத் தளர்வு, ஒரு மணி நேரத்தில் பழைய நிலை. அந்த இளைஞர்களின் குழாயும் என் குழாயும் ஒன்றில்லை. ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு, சுண்ணாம்பு படிந்த குழாய்க்கு, தளர்வு குறைவாகவே இருக்கும். பெருந்தமனியைவிடக் காலுக்குப் போகிற குழாய்கள்தான் அதிகமாகத் தளரும், ஏனென்றால் அவற்றின் சுவரில் தசை அதிகம், தளர்வதற்கு ஆள் இருக்கிறது. எனக்கும் காலுக்குப் போகிற குழாயில் இறக்கம் இன்னும் தெளிவாகவே தெரிந்தது.

தளர்த்துவது எது? வேகமாக ஓடும் ரத்தம் குழாயின் உள்தோலை உரசுகிறது. உரசினால் அந்தத் தோல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகிறது. அது சுவரில் உள்ள தசையை இளக்குகிறது. இந்த வாயு உடம்பில் சேதி சொல்கிறது என்று கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். என் சட்டைப் பையில் இருக்கும் சார்பிட்ரேட்டும் உள்ளே போய் இதே வாயுவாகத்தான் வேலை செய்கிறது. தோட்டத்து வாசற்படியில் என்னைக் காப்பாற்றிய சரக்கைக் கொஞ்சமாக என் உடம்பே தயாரிக்கும், காலை ஆட்டினால் போதும் என்பது எனக்குப் பெரிய சேதி.

இங்கேதான் என் மண்டையில் ஒன்று உறைத்தது. பத்து நிமிட நடையின் பலன் ஒரு மணி நேரக் கூலி. சேமிப்புக் கணக்கில் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸில் இரண்டு சுற்று வேகமாகச் சுற்றிவிட்டு வாரம் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து காயில் சுற்றினால், ஞாயிற்றுக்கிழமைக் கூலி ஞாயிற்றுக்கிழமையே செலவு. தினமும், முடிந்தால் தினம் இரண்டு மூன்று தடவை சம்பாதிக்க வேண்டும். மாதக்கணக்கில் விடாமல் செய்தால் ஓய்வு நேர விறைப்பும் கொஞ்சம் குறையும். அமெரிக்காவில் கொலராடோவில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத நடுத்தர வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மூன்று மாதம் பெரும்பாலும் நடந்ததிலேயே கழுத்துத் தமனி முன்னைவிட நன்றாக விரிந்து கொடுத்தது என்று 2000இல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இதய நோயாளிகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, பேக்கரி வரை போய் வருவதற்கு எனக்குப் பத்து நிமிடம். காலை 7 மணி சுமாருக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் பட்டறையிலிருந்து ஒன்று, சாயங்காலம் 6 மணிக்கு ஒன்று. வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எனக்கு 200 தாண்டுகிறது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்தால்தான் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பு பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் சேராது என்று விதி இருந்தது, 2020இல் அதையும் எடுத்துவிட்டார்கள். சாப்பிட்ட உடனே மட்டும் வேகமாக நடப்பதில்லை. ரத்தம் வயிற்றுக்குப் போயிருக்கிற நேரத்தில் காலும் கேட்டால் இதயம் என்ன செய்யும்? குறைந்தது ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறேன்.

எவ்வளவு வேகம் என்பதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மருமகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் நாடியைக் காட்டும். என் வயதுக்கு 120 வர வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்கு எவ்வளவு நடந்தாலும் 96ஐத் தாண்டவில்லை. வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஒரு நாள் மூச்சு வாங்கி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டது. "ஐயா, நீங்க மெட்டோப்ரோலால் சாப்பிடுறீங்க. அந்த மாத்திரையோட வேலையே நாடியை ஏற விடாம வைக்கிறதுதான். வாட்சைக் கழட்டி வீட்டுல வைங்க." ஸ்வீடன்காரர் போர்க் என்பவர் போட்ட ஒரு அளவுகோலைக் கொடுத்தது. 6இல் ஆரம்பித்து 20இல் முடியும். 6 என்றால் சும்மா படுத்திருப்பது, 20 என்றால் உயிர் போகிற மாதிரி. நான் இருக்க வேண்டியது 11க்கும் 13க்கும் நடுவில். இன்னும் எளிதாக: நடந்துகொண்டே போனில் ஒரு வாடிக்கையாளரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. நான் எப்போதுமே பாட முடியாதவன், அதனால் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நிமிடமும் கடைசி இரண்டு நிமிடமும் மெதுவாகப் போவதை நான் முதலில் நேர விரயம் என்று நினைத்தேன். மோட்டாரை ஸ்டார்ட்டர் இல்லாமல் நேராக லைனில் போடுவானா எவனாவது? ஐந்து எச்.பி.க்கு மேல் போனால் மெதுவாகக் கிளப்புகிற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கேட்கிறோம். முடிக்கும்போதும் அப்படித்தான். விரிந்திருக்கிற காலில் ரத்தம் தேங்கியிருக்கும், சட்டென்று நின்றால் மேலே ஏறத் தாமதமாகும், தலை சுற்றும். பேக்கரி வாசலில் டக்கென்று நின்று பெஞ்சில் சாய்ந்து இரண்டு தடவை அனுபவித்துவிட்டேன்.

இனி அன்னூர் விஷயம். நடக்கும்போது வராத வலி கயிறு இழுக்கும்போது வந்தது ஏன் என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நடையில் தசை சுருங்கி விரிகிறது, குழாய் திறந்து கொடுக்கிறது. கயிற்றைப் பிடித்து அசையாமல் இழுக்கும்போது தசை சுருங்கியபடியே நிற்கிறது, நடுவில் உள்ள குழாய்களை நசுக்குகிறது. அதற்கு மேல் மூச்சையும் அடக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, பிரஷர் தாறுமாறாகப் போகிறது. விறைத்த குழாய், அதற்குள் திடீர் அழுத்தம். வால்வை முழுக்க மூடிவிட்டு மோட்டாரை ஓட்டுகிற கதை. நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளுவது, துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது, கேஸ் சிலிண்டரைத் தூக்குவது எல்லாம் இதே சேர்க்கைதான். சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றும் இருக்கிறது: கக்கூஸில் முக்குவது. மலச்சிக்கலை நான் மாத்திரையாலும் பப்பாளியாலும் சரி செய்துகொண்டது, நடையளவுக்கு முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

பளுவே தூக்கக் கூடாது என்று இல்லை. நான்கு மாதம் கடுமையாகப் பளு தூக்கிய இளைஞர்களின் கழுத்துத் தமனி விறைத்தது என்று 2004இல் ஒரு ஆய்வு வந்து பலரையும் பயமுறுத்தியது. விட்டதும் பழையபடி ஆனது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. லேசான எடையை, மூச்சை விட்டபடி, பத்துப் பதினைந்து தடவை தூக்குவது எனக்கு இப்போது வாரம் இரண்டு நாள் பாடமே. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, அவ்வளவுதான் உபகரணம். மூச்சு அடங்காமல் இருக்க அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த உபாயம் எனக்கு ரொம்பப் பிடித்தது: சத்தமாக எண்ண வேண்டும். வாய் எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சை அடக்கவே முடியாது.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். நடந்து முடித்து அரை மணி நேரம் கழித்து ஒரு நாள் வீட்டு மெஷினில் பிரஷர் பார்த்தேன். 114க்கு 70. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சரியாகிவிட்டது என்று முடிவு செய்து இரவு பிரஷர் மாத்திரையை விட்டேன். மறுநாள் காலை 156. பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரம் பிரஷர் சற்றுத் தணிந்துதான் இருக்கும். அதுவும் கூலிதான், குணம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போது காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கும் நடைக்கும் முன்பு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

மார்கழி, தை மாதக் குளிரில் காலை நடையை 8 மணிக்குத் தள்ளிவிடுவேன், மங்கி குல்லாவும் போட்டுக்கொள்வேன். குளிர்ந்தால் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். சட்டைப் பையில் சார்பிட்ரேட் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. நெஞ்சில் இறுக்கம், தாடையில் இழுப்பு, இதுவரை இல்லாத மூச்சுவாங்கல், இதில் எது வந்தாலும் நின்று, உட்கார்ந்து, மாத்திரை. ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. பெருங்காய மோர் கிடையாது. ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பத்து நிமிடம், 11 முதல் 13 எல்லாம் எனக்கு, டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கிற டிஎம்டி எடுத்துப் பார்த்த பிறகு கொடுத்த அளவு. நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தவர்களுக்கு எலும்பு கூடும் வரை கைவேலைக்குத் தனி விதிகள் இருக்கின்றன. அவரவர் டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். "நடங்க" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

குழாய் விறைப்பை எல்லோரும் அளந்தாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மெஷின் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை ஐஐடியின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் ஆர்ட்சென்ஸ் என்று ஒரு கருவி செய்திருக்கிறார்கள், கழுத்தில் வைத்து அல்ட்ராசவுண்டால் பார்ப்பது, படம் பார்த்துப் பழகிய ஆள் தேவையில்லை. அது மாதிரி பரவலாக வந்தால் நன்றாக இருக்கும். ஆனால் எண் தெரியாவிட்டாலும் நடை நடைதான்.

எட்டு மாதம் கழித்து மறுபடி அளந்தபோது எனக்கு 10.7. "நம்பலாமா கண்ணு?" என்று கேட்டேன். "அரை மீட்டர்தான் ஐயா. மெஷினும் அந்த அளவுக்குப் பொய் சொல்லும்" என்று சிரித்தது. பிரஷர் இடைவெளி 70இலிருந்து 58க்கு வந்திருக்கிறது, அதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, பேக்கரிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் மீட்டர் இல்லை. மூன்று மாடி ஏறி ஓவர்ஹெட் டேங்க்கைப் பார்த்துவிட்டு வர முடிகிறது, நடுவில் ஒரு தடவை நின்றால் போதும்.

போன வாரம் சூலூர்ப் பக்கம் ஒரு போர்வெல். இந்த முறை செயின் புளாக் வந்துசேரும் வரை கயிறு பக்கமே போகவில்லை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். புளாக் வந்து பைப் ஒவ்வொன்றாக மேலே ஏற ஆரம்பித்ததும், பக்கத்தில் நின்று கிளாம்ப்பைப் பிடித்துக்கொடுக்கிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிடிக்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் வாய் தானாக எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினாலு என்று சொன்னபோது சின்னப் பையன் கயிற்றை விட்டுவிட்டு என்னையே பார்த்தான்.

"அண்ணா, கணக்குத் தப்புங்க. இது இப்பத்தான் ஆறாவது பைப்பு."